அம்மை குத்தப் போன எட்டு நாள்

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்குக் கௌரவம். சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு ஊவா மலையெங்கும் பிள்ளைகளுக்கு அம்மை குத்தித் திரிந்த நான், இருபத்துமூன்று வயதுவரை என் கையில் அதைக் குத்திக்கொண்டதில்லை. ஊசி என்றால் எனக்கு அவ்வளவு பயம். அடுத்தவர் கையில் இறங்கும்போது அது வேறு ஏதோ சாமான் போலிருக்கும். என் பக்கம் திரும்பினால்தான் ஊசியாகிவிடும். உத்தியோகத்தில் சேர்ந்த அன்று பதுளை ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர், "உனக்குக் குத்தியிருக்கிறதா?" என்று கேட்டார். சின்ன வயதில் கொதிக்கிற கஞ்சி கொட்டின தழும்பொன்று முழங்கைக்கு மேலே இருந்தது. அதைத் திருப்பிக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் சட்டைக் கையை இறக்கிவிட்டேன்.

இரண்டாவது முட்டாள்தனம் இதைவிடப் பெரியது. ஒரு மனுஷியிடம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை நான் உண்மையாகப் பேச வேண்டியிருந்தது. அதையும் சிரித்துக்கொண்டே சொல்லித் தொலைத்தேன். நாற்பது வருஷமாகியும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கே என்னைக் கன்னத்தில் அறையவேண்டும் போலிருக்கிறது. அவள் பெயரை எழுதப் போவதில்லை. தோட்டத்துக் கூலி சனங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை லயம் என்பார்கள்; அந்த லயத்தில் எல்லோரும் அவளைப் பிள்ளையின் சின்னம்மா என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

இப்போது அம்மை மருந்து கண்ணாடிக் குழாயில் அடைத்து வருகிறது, உடைத்தால் ஆயிற்று. அந்த நாளில் பிள்ளைகளின் கைகள்தான் குழாய். ஒரு பிள்ளைக்குக் குத்தினால் எட்டாம் நாள் அந்த இடத்தில் முத்துப்போலக் கொப்புளம் எழும்பும். அதன் நீரை ஊசிமுனையில் தொட்டு அடுத்த பிள்ளைகளின் கையில் கீறவேண்டும். அவர்களுக்கு எழும்பியதும் அதிலிருந்து இன்னும் சில பிள்ளைகள். எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் தவறினால் நீர் சீழாகிப் போகும், சங்கிலி அறுந்துவிடும். பிறகு பதுளைக்கு எழுதி, பதுளை கொழும்புக்கு எழுதி, மறுபடி நீர் வந்து சேர்வதற்குள் அம்மை தன் வேலையை முடித்துக்கொண்டு அடுத்த மலைக்குப் போயிருக்கும்.

என்னிடம் வந்த சனங்களைப்போல முரண்டு பிடித்தவர்கள் எந்தக் கடைக்காரனுக்கும் வாய்த்திருக்க மாட்டார்கள். என் தகப்பனார் பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். சரக்குப் பிடிக்காதவன் அங்கே எழுந்து போய்விடுவான், அவ்வளவுதான். என்னுடைய சரக்குப் பிடிக்காதவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினான். ஒரு தகப்பன் ஒரே பையனை மூன்று பெயரில் மூன்று தடவை கொண்டுவந்து நிறுத்தினான். மற்ற இரண்டு பிள்ளைகளும் காப்பிக் கூடைக்குள் கவிழ்ந்து கிடந்தார்கள். மூன்றாம் தடவை அந்தப் பையனே, "ஐயா, கை வலிக்குதுங்க, இந்தத் தடவ கால்ல குத்துங்க" என்றான். ஒரு தாய் பேரம் பேசினாள்: "நாலு குத்து எதுக்குங்க? எம் பிள்ளைக்கு ரெண்டு போதும், மிச்சத்த பக்கத்து வீட்டுக்குக் குடுங்க." நான் முதுகைத் திருப்பியதும் சாம்பல் தண்ணீரால் கையைத் தேய்த்துக் கழுவியவர்களுக்குக் கணக்கே இல்லை. தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையிடம் சொன்னால் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போதே பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தச் சொல்லி அதட்டுவார். அதட்டினால் அன்றைக்கு வருவார்கள். அடுத்த தடவை முழு லயமும் காலியாக இருக்கும். அதனால் நான் கோமாளி வேஷத்தைப் பிடித்துக்கொண்டேன். சிரிக்கிற பிள்ளை கையை நீட்டிவிடும், சிரிக்கிற தாய் கூடையைத் திறந்துவிடுவாள். என் வாயை நம்பியே என் உத்தியோகம் நடந்தது என்று சொன்னால் தப்பில்லை.

பூனாகலைக்குக் கீழே ஒரு தோட்டம். காப்பிச் செடியெல்லாம் நோய் பிடித்து மொட்டையாகி, அதைப் பிடுங்கிப் போட்டுத் தேயிலைக் கன்று நட்டுக்கொண்டிருந்த காலம். பதுளையிலிருந்து நான் கொண்டுபோன நீரில் பாதி வழியிலேயே கெட்டுவிட்டது. லயத்தில் மூன்று பிள்ளைகளுக்குக் குத்த நினைத்தேன். மூன்றாவது வீட்டு வாசலில் அவள் நின்றாள். இடுப்பில் எட்டு மாதப் பெண் குழந்தை. அதைப் பெற்ற அக்காள் காய்ச்சலில் படுத்திருந்தாள்; குழந்தை சின்னம்மா கையில்தான் வளர்ந்தது.

"இது எங்கேருந்து வந்த தண்ணி?" என்று கேட்டாள்.

"பதுளையிலேருந்து."

"பதுளைக்கு?"

"கொழும்பிலேருந்து."

"கொழும்புக்கு?"

"சீமையிலேருந்து. சீமைக்கு மாட்டுக்கிட்டருந்து வந்துச்சு. மாட்டுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு மாட்டைத்தான் கேக்கணும்."

பக்கத்து வாசல்களில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "உங்க கையக் காட்டுங்க" என்றாள். பெரிய டாக்டருக்குக் காட்டிய அதே தழும்பைத் தைரியமாகக் காட்டினேன். அவளுக்கு மூக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. குனிந்து பார்த்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "இது கஞ்சி கொட்டுன தழும்பு" என்றாள். நான் சட்டைக் கையை இறக்கிவிட்டேன். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். பிள்ளைக்குக் குத்துங்க" என்று குழந்தையின் கையை நீட்டிப் பிடித்தாள்.

ஏன் சம்மதித்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் புருஷன் ஊரிலிருந்து கடல் தாண்டி வரும்போது மன்னார்ப் பக்கத்து நடைவழியிலேயே அம்மை கண்டு இறந்துபோனான். இறங்கின இடத்தில் எல்லோருக்கும் குத்தினார்கள். அவன் மறைவாகப் போய்ச் சுண்ணாம்பைத் தடவித் துடைத்துவிட்டு வந்து அதைப் பெரிய சாமர்த்தியமாகச் சொல்லிச் சிரித்தானாம். "அவரும் உங்கள மாதிரிதான். சிரிச்சுக்கிட்டே தப்பிச்சுக்குவாரு" என்றாள். அவளுக்கு அப்போது இருபது வயதுதான் இருக்கும். அதைச் சொல்லும்போது குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த கை நிற்கவேயில்லை.

மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் குத்தினது எடுபடவில்லை. இந்த ஒரு குழந்தைக்குத்தான் கொப்புளம் எழும்பியது. சட்டப்படி நான் எட்டாம் நாள் வந்து பார்த்தால் போதும். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். நான்காம் நாளும் போனேன். ஐந்தாம் நாள் காலையிலும் போனேன், மழை விட்ட பிறகு சாயங்காலமும் போனேன். கொப்புளம் எங்கும் எழுந்து ஓடிப்போகிற சாமான் அல்ல என்பது எனக்கும் தெரியும். அவள் சாக்குப் படுதாவை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, "ஐயாவுக்குத் தோட்டத்தில இந்த ஒரு கைதானா இருக்கு?" என்று கேட்பாள். நான் ஏதாவது உளறுவேன். ஆறாம் நாள் என் உளறலுக்கு அவள் சிரித்தாள். பல் தெரியாமல், உதட்டின் ஒரு ஓரம் மட்டும் அசைந்தது. நூறு பேரைச் சிரிக்க வைத்திருந்த எனக்கு அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

எட்டாம் நாள் விடியும்போதே செய்தி வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை கண்டுவிட்டது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சின்னக் கை. முதலில் இந்த லயத்துப் பிள்ளைகள், மறுநாள் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் என்று லயத்து ஆட்களைக் கூட்டிவந்து வேலை வாங்குகிற கங்காணியும் நானும் பேசி வைத்துக்கொண்டோம். பெரட்டு மைதானத்தில் இருபது பிள்ளைகளுக்குமேல் வந்து நின்றார்கள். சின்னம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தாள். முதலாவதாக வந்தவன் நான்கு வயதுப் பையன்; குழந்தையின் தாய்மாமன் மகன். அவன் உதடு பிதுங்குவதைப் பார்த்ததும் என் கோமாளி முழித்துக்கொண்டான். "அழாதேடா. இந்தப் பாப்பா உடம்பில இருக்கிறதுதான் இப்ப உன் உடம்புக்குள்ள வருது. இனிமே ரெண்டு பேரும் ஒரே உடம்பு. நீ அண்ணன், இவ தங்கச்சி!"

ஒருவரும் சிரிக்கவில்லை.

பையனின் தாய் ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டாள். அந்தப் பெண் குழந்தை பிறந்த அன்றே இவனுக்கென்று பேசி முடித்திருந்தார்களாம். முறைப் பையனையும் முறைப் பெண்ணையும் அண்ணன் தங்கையாக்கி வைத்தால் யார்தான் பொறுப்பார்கள்? அதுவும் சர்க்கார் ஆள், ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறான். அடுத்தடுத்து ஒவ்வொரு தாயும் வரிசையில் தன் பிள்ளைக்கு யார் என்ன முறை என்று யோசிக்கத் தொடங்கினாள். நான் பேனாவை எடுப்பதற்குள் வரிசை கரைந்துவிட்டது.

"ஐயா, முறை கெட்டுப் போகுங்களே" என்றார் கங்காணி.

"ஐயோ, அது விளையாட்டுக்குச் சொன்னதுங்க! அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது."

பையனின் தாய் தூரத்தில் நின்றபடியே கேட்டாள்: "இப்ப சொல்றது விளையாட்டா, அப்ப சொன்னது விளையாட்டா? எதுன்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

அவள் கேட்டது நியாயம்தான். எட்டு நாளாக அவர்களிடம் நான் ஒரு வார்த்தையாவது நேராகச் சொல்லியிருந்தால்தானே! மலைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் படுத்துவிட்டார்கள், இந்தப் பக்கம் ஒருவன் வாயைத் திறந்ததால் ஊசி காய்ந்துகொண்டிருக்கிறது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் சின்னம்மா கல்லிலிருந்தபடியே கங்காணியைக் கூப்பிட்டாள். "மாமா, இது மொதல்ல மாட்டுக்கிட்டருந்து வந்த தண்ணின்னு இந்த ஐயாதான் சொன்னாரு. அப்ப நம்ம தொழுவத்து மாடு உங்களுக்கு என்ன முறை? மச்சினியா, மதினியா?" கங்காணி தொழுவத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு ஒரு சுற்றுப் போய் வந்தது. ஆனால் பையனின் தாய் அசையவில்லை. சின்னம்மா அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவருக்கு இன்னும் குத்தவேயில்ல" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "கையில இருக்கறது கஞ்சித் தழும்பு. மொதல்ல இவரு இந்தப் பிள்ளைக்கிட்டருந்து குத்திக்கட்டும். கடைத்தெருவுல கடை வச்சிருக்கிற குடும்பம். முறை கெடும்னா லயத்துப் பிள்ளைக்கு அண்ணனாக வருவாரா? பார்ப்போமே."

அந்த நேரத்தில் நிலம் வெடித்திருந்தால் சந்தோஷமாக உள்ளே போயிருப்பேன். சட்டைக் கையைச் சுருட்டினேன். ஊசியை எடுத்துக் கொப்புளத்தில் தொட்டேன். என் கைக்கு அருகே கொண்டுவந்தேன். இரண்டு தடவை காற்றில் குத்தினேன். பிள்ளைகள் சிரித்தார்கள், இந்தத் தடவை நான் யாரையும் சிரிக்க வைக்கவில்லை. அவள் குழந்தையைக் கங்காணியிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்து, "எப்படிக் கீறணும், சொல்லுங்க" என்று ஊசியை என்னிடமிருந்து வாங்கினாள். இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மண்வெட்டி பிடித்துக் காய்ச்சுப்போன உள்ளங்கை. நான்கு கீறல். ஒவ்வொன்றுக்கும் நான் கண்ணை மூடினேன். நான்காவது முடிந்த பிறகும் மூடிக்கொண்டிருந்தேன். "முடிஞ்சிருச்சு, கண்ணத் தொறங்க" என்றாள்.

பையனின் தாய் மெதுவாக வந்து அவனை இறக்கிவிட்டாள். அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஒரு பிள்ளை விடாமல் குத்தி முடித்தேன். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் மூன்று பேர் மலை ஏறினோம். முன்னால் காது கேட்காத ஒரு கிழக் காவல்காரர், நடுவில் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அவள், கடைசியில் நான். காய்ச்சல் மருந்துக்குப் பட்டை உரிக்கிற கொய்னா மரங்களுக்கு நடுவே பாதை. பனி விலகி விலகி மூடியது. அட்டை ஏறினால் அவள் நிற்காமலேயே குனிந்து பிய்த்து எறிந்துவிட்டு நடந்தாள். நான் ஒவ்வொரு அட்டைக்கும் நின்று ஒரு பாட்டுப் பாடினேன். உச்சியில் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்க உட்கார்ந்தபோது, "ஐயா உங்களுக்கு உண்மையாவே பயம்" என்றாள். "ஆமா" என்றேன். "பயப்படுறவரு எதுக்கு இந்த வேலைக்கு வந்தீங்க?" துணிக்கடையில் உட்கார்ந்து முழம் போடப் பிடிக்கவில்லை, மலை பார்க்கலாம் என்று வந்தேன் என்றேன். அதில் விளையாட்டு எதுவும் இல்லை. அவளும் அதைக் கண்டுகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். தண்ணீர் குடித்த சிரட்டையைக் கழுவி என்னிடம் நீட்டினாள்.

அந்தப் பக்கத்து லயத்தில் ஒவ்வொரு வாசலிலும் வேப்பிலை தொங்கியது. கதவைத் திறக்க ஆளில்லை. நான் தட்டினால் உள்ளே பேச்சே நின்றுவிடும். அவள் தட்டினாள். "நான் கீழ்த் தோட்டத்து ஆள்தான், தொறங்க. சாமிக்குத்தம் ஒண்ணும் வராது. எம் பிள்ளை கையப் பாருங்க, தூங்குது, பாருங்க. இந்த ஐயா நேத்து நடுங்கி நடுங்கிக் குத்திக்கிட்டாரு, அவரே உசுரோட நிக்கறாரு, உங்களுக்கு என்ன?" ஒரு கதவு திறந்தது. பிறகு இன்னொன்று. ஒரு கிழவர் தடியோடு வந்தார். அவரிடம் தன் புருஷன் கதையைச் சொன்னாள். லயத்தைவிட்டுத் தள்ளியிருந்த ஒரு குடிசையில் இரண்டு பிள்ளைகள் அம்மையில் படுத்திருந்தார்கள். அங்கே யாரையும் போகவிடவில்லை. அந்த இரண்டில் ஒன்று பிழைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நாங்கள் குத்திய பிள்ளைகளில் ஒருவருக்கும் அம்மை வரவில்லை. அதை அடுத்த மாதம் அந்தத் தோட்டத்துத் தொரை பதுளைக்கு எழுதியபோது என் பெயரைத்தான் எழுதினார். அவள் பெயர் எந்தக் கடிதத்திலும் இல்லை.

திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. காவல்காரர் வெகுதூரம் முன்னே போய்விட்டார். மேலே ஏறுகிற வழியெல்லாம் நான் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். 'எங்க வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தகப்பனார் கடையைவிட்டுத் துரத்துவார், ஆனாலும் நீ சம்மதித்தால் நான் கங்காணியிடம் வந்து கேட்கிறேன்' என்று சொல்வதாக இருந்தேன். வார்த்தை ஒவ்வொன்றையும் அடுக்கி வைத்திருந்தேன். உச்சி வந்தது. அவள் நின்று குழந்தையின் கட்டை இறுக்கினாள். நான் வாயைத் திறந்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு சிரிப்பும் இல்லை, காத்திருந்தாள். நேற்று ஊசிக்குப் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன். பயந்த வாயிலிருந்து வந்தது இதுதான்:

"பேசாம எங்கூடப் பதுளைக்கு வந்துருங்களேன். எனக்கும் கதவு தட்ட ஒரு ஆள் வேணும்!"

சொல்லிவிட்டுச் சிரித்தேன். மலை முழுக்கக் கேட்கும்படி சிரித்தேன். சொன்னதைவிடச் சிரித்ததுதான் பாவம். அவள் குழந்தையின் கட்டை இன்னொரு தடவை இறுக்கினாள். பிறகு உதட்டின் அந்த ஓரம் அசைந்தது. முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கத் தொடங்கினாள். லயம் வரும்வரை அவள் முன்னாலும் நான் பின்னாலுமாக நடந்தோம்.

நான்கு நாளில் என் கை வீங்கிக் காய்ச்சல் வந்தது. கட்டிலோடு பதுளைக்குக் கொண்டுபோனார்கள். பெரிய டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, "இது இரண்டாம் தடவையாகக் குத்தினதுபோல இல்லையே" என்று மட்டும் சொன்னார். அடுத்துப் பசறைப் பக்கம் என்னை மாற்றினார்கள். சரி, மழை விடட்டும், சரி, தீபாவளி போகட்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் துணிந்து போனபோது அந்த லயத்தில் வேறு சனம் இருந்தது. காப்பி போன கையோடு கங்காணி தன் ஆட்களையெல்லாம் அழைத்துக்கொண்டு வேறு மலைக்குப் போய்விட்டாராம். எந்த மலை என்று கேட்டால் ஒருவர் அப்புத்தளை என்றார், ஒருவர் மாத்தளை என்றார். எனக்கு எல்லா மலைக்கும் போகிற உத்தியோகம்தான் இருந்தது. இருபத்தெட்டு வருஷம் ஒவ்வொரு லயத்து வாசலிலும் சாக்குப் படுதா விலகும்போது ஒரு நொடி நின்று பார்த்தேன். வீட்டில் பார்த்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டேன். நல்லவள். என் பேச்சுக்கெல்லாம் சிரித்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவள் போய் மூன்று வருஷமாகிறது.

இப்போது பதுளைக்கு ரயில் வந்துவிட்டது. வேலையில்லாத கிழவர்களுக்கு அது பெரிய உபகாரம். நானும் தினம் சாயங்காலம் போய் மேடையில் உட்காருகிறேன், யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்க்க. போன மாதம், ஊருக்குத் திரும்புகிற தோட்டத்துச் சனம் ஒரு கூட்டம் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தது. அதில் ஒரு வயதான பெண் தகரப் பெட்டியின்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரை. மேடையில் இருந்த எல்லோரும் ரயிலைப் பார்க்க எட்டிக்கொண்டிருக்க, அவள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்தாளோ தெரியாது.

உதட்டின் அந்த ஓரம் அசைந்தது. கிட்டே போனேன். "சௌக்கியமா?" என்றேன். "இருக்கேன்" என்றாள். அக்காள் மகளை அந்தத் தாய்மாமன் மகனுக்கே கட்டிக்கொடுத்து, அவர்கள் பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கி, இப்போது அவர்களோடு மண்டபம் வழியாக ஊருக்குப் போகிறாளாம். இனிமேல் திரும்புவதில்லையாம். உங்களுக்குப் பிறகு கல்யாணம், என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை. அதற்குள் மணி அடித்தது. ஒரு வாலிபன் ஓடிவந்து, "ஏறுங்க, ஏறுங்க" என்று தகரப் பெட்டியைத் தூக்கினான். அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். படியில் கால் வைத்தாள்.

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. மூச்சு வாங்கியது. ஆனால் இந்தத் தடவை சிரிக்கவில்லை. ரயில் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்:

"அன்னைக்கு மலை உச்சியில நான் கேட்டது விளையாட்டுக்கு இல்ல."

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அன்னைக்கே தெரியும்."